இரண்டு முறை பாடிய பாட்டு

எங்கள் வீட்டுக்கு ஆர்மோனியப் பெட்டி வந்தது ஒரு நாடகக் கம்பெனி நொடித்துப்போன வருஷம். குற்றாலத்தில் சாரல் சமயத்தில் கொட்டகை போட்டால் கூட்டம் அள்ளும் என்று நம்பி வந்தவர்கள் அவர்கள். அந்த வருஷம் சாரல் விடாமல் அடித்து, கொட்டகைக் கீற்றையும் கூட்டத்தையும் சேர்த்துக் கொண்டுபோய்விட்டது. ஊருக்குத் திரும்பும்போது கனமான சாமான்களைத் தென்காசியிலேயே கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டார்கள். சப்ரிஜிஸ்தர் ஆபீஸ் வாசலில் பத்திரம் எழுதிக்கொண்டிருந்த அப்பா, எதற்கு என்று அவருக்கே தெரியாமல் அந்தப் பெட்டியை வாங்கி வந்தார். ஒரு கட்டையை அமுக்கினால் எழும்பாது, துருத்தியில் ஓட்டை வேறு. அம்மா மூன்று நாள் அப்பாவோடு பேசவில்லை.

பெட்டியை முன்கட்டில் வைக்கக்கூடாது, தெருக்கதவு திறந்திருந்தால் தொடக்கூடாது, நாடகப் பாட்டு வாசிக்கக்கூடாது என்று எனக்கும் அக்காவுக்கும் மூன்று கட்டளை. முதல் இரண்டையும் காப்பாற்றினோம். எங்களுக்கு நாடகப் பாட்டைத் தவிர வேறு பாட்டு தெரியாதாகையால் மூன்றாவதைக் காப்பாற்ற வழியில்லை.

அக்கா என்னைவிட ஒன்றரை வயது மூத்தவள். அவளுக்கு வாசிப்பதில் ஆசையில்லை, கேட்பதில்தான் ஆசை. நான்தான் பெட்டியைக் கட்டிக்கொண்டு அழுதேன். எனக்குச் சொல்லித்தர யாரும் இல்லை. பெண்பிள்ளைக்குப் பாட்டு வாத்தியார் எதற்கு என்று கேட்கிற காலம். எதிர்வீட்டு நெல் வியாபாரி சாயங்காலமானால் கிராமபோனில் பிளேட்டு வைப்பார். நான் ஜன்னலோரம் நின்று மெட்டை மனசில் வாங்கிக்கொண்டு, உள்ளே ஓடிவந்து கட்டைகளில் தேடுவேன். மெட்டு அகப்பட்டுவிடும். வார்த்தைதான் அகப்படாது. தென்காசிக் காற்று பாதியைக் கொண்டுபோய்விடும், மீதிப் பாதி தெலுங்காக இருக்கும். போனால் போகிறது என்று அந்த இடங்களில் என் வார்த்தைகளைப் போட்டு நிரப்பினேன். பாட்டு எழுதுவது என்று நான் ஆரம்பித்தது இந்த இட்டு நிரப்புகிற வேலையைத்தான்.

அதிலும் எத்தனை அவமானம். நீட்டி இழுக்கிற இடத்தில் 'கண்' என்று போட்டுவிட்டு, வாயைத் திறக்கவும் முடியாமல் மூடவும் முடியாமல் மூக்கால் ஊளையிட்டிருக்கிறேன். ஓடுகிற இடத்தில் ஐந்தெழுத்துச் சொல்லைத் திணித்து நாக்கைக் கடித்துக்கொண்டிருக்கிறேன். இழுக்கிற இடத்துக்கு வாய் திறந்து முடிகிற சொல் வேண்டும், ஓடுகிற இடத்துக்குச் சின்னச் சொற்கள் வேண்டும், மூச்சு விடுகிற இடத்தில் அர்த்தமும் மூச்சு விட வேண்டும். இந்த மூன்றையும் கண்டுபிடிக்க எனக்கு ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. அப்பா எழுதிக் கெட்டுப்போன பத்திர நகல்களின் பின்பக்கம் முழுக்க என் பாட்டுதான். முன்பக்கத்தில் கிழக்கு எல்லை, மேற்கு எல்லை என்று யாருடைய நிலமோ கிடக்கும்.

நான் முதல் முதலாக முழுசாக எழுதியது குற்றாலச் சாரலைப் பற்றி. மிகவும் கர்வத்தோடு அக்காவிடம் பாடிக் காட்டினேன். அவள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே கேட்டாள்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா இதுல குத்தாலம் எங்கன இருக்கு? நெலா இருக்கு, மயில் இருக்கு, மரகதம் இருக்கு. போன வாரம் அருவிக்குப் போயிட்டு, நனைஞ்ச பாவாடையோட வண்டில உக்காந்து பல்லு தட்ட நடுங்குனோம்லா? அது எங்கன?"

எனக்குக் கோபம் வந்தது. பாவாடையை எல்லாம் பாட்டில் வைப்பார்களா என்று சண்டை போட்டேன். பிறகு, அவள் பார்க்காதபோது, மயிலை எடுத்துவிட்டுப் பாவாடையை வைத்துப் பார்த்தேன். பாட்டு எழுந்து உட்கார்ந்தது. அன்றிலிருந்து எதை எழுதினாலும் முதலில் அக்காவிடம் காட்டுவேன். "இது நெசமா, சும்மாவா?" என்று மட்டும் கேட்பாள். சும்மா என்றால் அந்த வரியை அடித்துவிடுவேன்.

நிஜமான சங்கதியை வைத்து எழுதத் தெரிந்தவளுக்கு அந்த நாளில் ஒரே இடம்தான் உண்டு, கல்யாண வீட்டு நலங்கு. பெண்ணும் மாப்பிள்ளையும் எதிரெதிரே உட்கார்ந்து தேங்காய் உருட்டி விளையாடும்போது, பெண் வீட்டார் சம்பந்தி வீட்டாரைக் கேலி செய்து ஏசல் பாடுவார்கள், அவர்கள் பதிலுக்குப் பாடுவார்கள். எல்லாக் கல்யாணத்திலும் பாடுகிற பழைய ஏசல்கள் இருந்தன. சம்பந்திக்கு யானை வயிறு, குதிரைப் பசி என்று யாருக்கும் வலிக்காத ஏசல்கள். ஒரு சித்தி மகள் கல்யாணத்தில் நான் புதிதாக ஒன்று கட்டினேன். மாப்பிள்ளையின் சித்தப்பா இலை போடுவதற்கு முன்னாலேயே பந்தியில் இடம் பிடித்து உட்கார்ந்திருந்ததை அப்படியே வைத்தேன். இரண்டு வீடும் சேர்ந்து சிரித்தது. அந்தச் சித்தப்பாதான் எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தார். அதற்குப் பிறகு எங்கள் தெருவில் கல்யாணம் நிச்சயமானால் "அந்த ஆர்மோனியப் பொண்ணுகிட்ட சொல்லியாச்சா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள்.

எனக்குப் பதினைந்து வயது. தலை கனத்துப்போயிற்று என்று இப்போது எழுதுகிறேன். அப்போது அது எனக்குத் திறமையாகத்தான் தெரிந்தது. ஏசலுக்கென்று சொல்லாத சட்டங்கள் சில உண்டு. உடம்பில் உள்ள குறையைப் பாடக்கூடாது. பிள்ளை இல்லாதவளைப் பாடக்கூடாது. செத்தவர்களை இழுக்கக்கூடாது. இந்தச் சட்டங்கள் எனக்கு மனப்பாடம். அதை மீறிப் பாடுகிறவர்களைப் பார்த்து உதட்டைச் சுழிப்பேன்.

யுத்தம் தொடங்குவதற்கு இரண்டு வருஷம் முந்தி அக்காவுக்குக் கடையத்தில் மாப்பிள்ளை அமைந்தது. நிலபுலம் உள்ள குடும்பம், ஒரே பிள்ளை. அவள் போகிறாளே என்ற துக்கத்தை எல்லாம் நான் ஏசலில் காட்டுவது என்று தீர்மானித்தேன். என் வாழ்நாளிலேயே நல்ல ஏசல் அதுவாக இருக்க வேண்டும். சும்மா எதுவும் இருக்கக்கூடாது, எல்லாம் நிஜமாக இருக்க வேண்டும். என்னோடு படித்த ஒருத்தி அதற்கு முந்தின வருஷம்தான் கடையத்துக்கு வாழ்க்கைப்பட்டுப் போயிருந்தாள். அவள் பிறந்த வீட்டுக்கு வந்தபோது போய்க் குடைந்தேன்.

"மாப்பிள்ளைக்காரரு பேச்சு ரெம்ப மெதுவு. ஒரு வாக்கியம் முடியதுக்குள்ள காப்பி ஆறிரும். அவங்க அப்பா அதுக்கும் மேல, வாயவே தெறக்க மாட்டாரு. அம்மாக்காரி இருக்காளே, சாவிக்கொத்தை இடுப்பை விட்டு எறக்க மாட்டா. நெல்லு வைக்கிற உள்ளறையை அரங்குன்னு சொல்லுவாங்கள்லா, அதுல ஆள் உயரத்துக்கு மரத்துல ஒரு நெல்லுப் பத்தாயம் கெடக்காம். ஒருத்தரையும் கிட்ட விட மாட்டாளாம். அரிசி எடுக்கணும்னாலும் அவதான் தெறக்கணும், அவதான் பூட்டணும்."

எனக்கு இவ்வளவு போதும். மாப்பிள்ளையின் மெதுவான பேச்சுக்கு முதல் பாட்டு. வாய் திறக்காத சம்பந்திக்கு இரண்டாம் பாட்டு. மூன்றாவது சாவிக்கொத்துக்கு. அதில் முதலில் 'பத்தாயத்தில் பூட்டி வைத்தது என்ன' என்றுதான் எழுதினேன். சப்பென்று இருந்தது. வாய் திறக்காத மனுஷர் ஒருவர் அந்த வீட்டில் இருக்கிறாரே, அவரையே அம்மாள் பத்தாயத்தில் போட்டுப் பூட்டிவிட்டாள் என்று வந்தால் இரண்டாம் பாட்டும் மூன்றாம் பாட்டும் கைகோத்துக்கொள்ளும். 'என்ன'வை அடித்துவிட்டு 'யாரை' என்று எழுதினேன்.

*இடுப்பு நிறையச் சாவிக்கொத்து சம்பந்தி அம்மா,*
*இறக்காமல் சுமப்பதென்ன சம்பந்தி அம்மா,*
*பத்தாயத்தில் பூட்டி வைத்தது யாரை அம்மா,*
*பதில் ஒன்று சொல்லிப் போங்க சம்பந்தி அம்மா.*

'அம்மா' என்று வாய் திறந்து முடிகிறது, இழுக்கலாம். கடைசி அடி கேள்வி; அவர்கள் பதில் பாடியே தீர வேண்டும். நான் கற்றுக்கொண்டது எல்லாம் அந்த நான்கு அடியில் இருந்தது. அக்கா கல்யாணப் பெண். அவள் நலங்கில் உட்கார்ந்து முதல் முறையாகக் கேட்டுச் சிரிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அவளிடம் காட்டாமல் நான் பாடிய பாட்டு அது ஒன்றுதான்.

முகூர்த்தம் நடந்த அன்று சாயங்காலம் எங்கள் வீட்டு முற்றத்தில் பந்தலுக்குக் கீழே நலங்கு. ஆர்மோனியத்தை அன்று மட்டும் வெளியே கொண்டுவர அப்பா சம்மதித்திருந்தார். அக்காவும் அத்தானும் தேங்காய் உருட்டிக்கொண்டிருந்தார்கள். முதல் பாட்டுக்கு அத்தானே சிரித்தார். இரண்டாவதுக்கு அவர் அப்பா, வாய் திறக்காமலே தோள் குலுங்கச் சிரித்தார். பந்தல் பூராவும் என் கையில் இருந்தது.

மூன்றாவதைப் பாடினேன். எங்கள் பக்கம் சிரித்தது. அவர்கள் பக்கம் ஒரு சத்தமும் இல்லை. அத்தான் தேங்காயை உருட்டாமல் கையில் வைத்துக்கொண்டிருந்தார். அவருடைய அம்மா எனக்கு நேர் எதிரே ஜமுக்காளத்தில் உட்கார்ந்திருந்தாள்.

ஏசலில் ஒரு வழக்கம் உண்டு. எதிர்ப்பக்கம் பதில் சொல்லாமல் இருந்தால், பாட்டு எட்டவில்லை என்று அதையே இன்னொரு முறை உரக்கப் பாட வேண்டும். நான் துருத்தியை வேகமாக அமுக்கி, சுருதியை ஒரு கட்டை மேலே ஏற்றி, 'யாரை' என்ற இடத்தில் நிறுத்தி நீட்டி, மறுபடியும் பாடினேன். பதில் இல்லை. அந்த அம்மாள் முந்தானையைச் சரிசெய்துகொண்டு எழுந்தாள். "நல்லாப் பாடுதா பிள்ளை," என்று சொன்னாள். "பந்திக்கு எலை போட்டாச்சான்னு பாக்கேன்," என்று உள்ளே போனாள். பதில் சொல்லத் தெரியாமல் சம்பந்தி எழுந்து போய்விட்டாள், நாம் ஜெயித்துவிட்டோம் என்று எங்கள் பக்கத்துப் பெண்கள் கைகொட்டினார்கள். நானும் கொட்டினேன்.

ஆடி மாசம் அக்காவை அழைத்துவந்தோம். புதுப்பெண் வந்திருக்கிறாள் என்று அம்மா வில்வண்டி பேசிக் குற்றாலத்துக்குக் கூட்டிப்போனாள். அருவியில் குளித்துவிட்டு, பெண்கள் தலை உலர்த்துகிற கல் மண்டபத்தில் உட்கார்ந்தோம். அம்மா பலகாரத் தூக்கை எடுத்துவர வண்டிக்குப் போனாள். நான் புதிதாகப் பிடித்த ஒரு மெட்டை முனகினேன்.

"பாடாத," என்றாள் அக்கா.

"ஏன்?"

"ஒன்னும் தெரியாத மாதிரி ஏன்னு கேளு." தலைமுடியைப் பிழிந்துகொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னாள். "உங்க அத்தானுக்கு ஒரு தம்பி இருந்தான். நாலு வயசு. ரெண்டு பேரும் ஒளிஞ்சு விளையாடியிருக்காங்க. அத்தை அன்னைக்கு ஒரு கல்யாண வீட்டுக்குப் போயிருந்தாங்களாம், அரங்கைப் பூட்டாம. சின்னவன் தெறந்து கெடந்த பத்தாயத்துல ஏறி உள்ள எறங்கியிருக்கான். மூடி விழுந்திட்டு. ஆத்துல தேடி, கெணத்துல தேடி, கடைசியாத்தான் அதைத் தெறந்திருக்காங்க."

அவள் முடியைச் சுற்றி முடிந்துகொண்டாள்.

"கண்ணைப் பொத்திக்கிட்டு எண்ணுனது அவங்கதான்," என்றாள். அவள் புருஷனைச் சொன்னாள். "ஏழு வயசு அப்ப. அவங்க வாயில இருந்து பேச்சு மெதுவாத்தான வரும்? நீ அதையும் பாடுன."

எனக்குத் தெரியாது, எனக்கு யாரும் சொல்லவில்லை, தெரிந்தால் பாடுவேனா என்று அழுதேன். நான் அழுவதைப் பார்த்து அவளுக்கு ஆத்திரம்தான் வந்தது.

"நீ பாடிட்டு உம் வீட்டுல இருந்துக்கிட்ட. நான்லா அந்த வீட்டுல இருக்கேன். அத்தை வைய மாட்டாங்க, அடிக்க மாட்டாங்க. எம் மூஞ்சியப் பாத்து ஒரு வார்த்தை பேச மாட்டாங்க. 'உம் பொண்டாட்டிய வந்து சாப்பிடச் சொல்லு'ன்னு எனக்கு முன்னாலயே உங்க அத்தான்கிட்ட சொல்லுவாங்க. இன்னும் எத்தனை வருசம் நான் இப்பிடி இருக்கது?"

அம்மா பலகாரத்தோடு வந்துவிட்டாள். மூன்று பேரும் சாப்பிட்டோம்.

அதற்குப் பிறகு நான் செய்த காரியத்தை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. மன்னிப்புக் கேட்டு ஒரு பாட்டு எழுதினேன். கண்ணீர் விட்டுக்கொண்டுதான் எழுதினேன். ஆனால் கண்ணீருக்கு நடுவிலும் எதுகை சரியாக விழுகிறதா என்று பார்த்தேன். இறந்த அந்தப் பிள்ளையை மூன்றாவது அடியில் வைத்திருந்தேன். அழகாகப் படியெடுத்து, அத்தையிடம் கொடுக்கும்படி அக்காவுக்குத் தபாலில் அனுப்பினேன். நாலாம் நாள் அக்காவின் கார்டு வந்தது. பாட்டை அடுப்பில் போட்டாகிவிட்டது, அந்தப் பிள்ளையை இன்னொரு தடவை பாட்டில் ஏற்றினால் உன் முகத்திலேயே முழிக்க மாட்டேன், முடிந்தால் நேரில் வா என்று எழுதியிருந்தாள்.

நான் போகவில்லை. கடையம் ஒன்றும் காசியில் இல்லை. காலையில் ரயில் ஏறினால் மத்தியானச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடலாம். ஒவ்வொரு முறை அப்பா புறப்படும்போதும் எனக்குத் தலைவலி வந்தது. அவர் திரும்பி வந்ததும் அக்கா எப்படி இருக்கிறாள் என்று கேட்பேன். "இருக்கா," என்பார்.

ஆர்மோனியத்தின் மேல் பழைய புடவையைப் போட்டு மூடினேன். நலங்குக்குக் கூப்பிட்டவர்களிடம் தொண்டை சரியில்லை என்றேன். ராங்கிக்காரி என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். அப்படியே பேசட்டும் என்று இருந்தேன். ஆனால் மனசு மெட்டுப் போடுவதை நிறுத்தவில்லை. கோயிலின் மொட்டைக் கோபுர வாசலில் சாமி கும்பிட நிற்கும்போதுகூட யாருடைய நடையோ, யாருடைய இருமலோ, பாட்டடியாகப் பிரிந்து வந்து நிற்கும். அதை விரட்டுவேன். பழைய தாள்களை எடுத்து, நான் சிரிக்கவைத்த ஒவ்வொரு பாட்டையும் படித்து, அதில் சொல்லப்பட்டவர் அன்று ராத்திரி வீட்டுக்குப் போய் என்ன நினைத்திருப்பார் என்று யோசித்துப் பார்த்தேன். பந்திக்கு முந்திய அந்தச் சித்தப்பா நிஜமாகவே சிரித்தாரா என்பதில் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. எந்தப் பாட்டையும் எழுதும்போது நான் மெட்டைப் பார்த்திருக்கிறேன், சொல்லைப் பார்த்திருக்கிறேன், கைதட்டப் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். எதிரே உட்காரப் போகிற ஆளைப் பார்த்ததில்லை.

இரண்டு வருஷம் இப்படிப் போயிற்று. அக்கா பிரசவத்துக்கு வந்தாள். என்னோடு தேவைக்குப் பேசினாள். ஆண்பிள்ளை பிறந்தது. பதினாறாம் நாள் தொட்டிலில் போட வேண்டும். அப்பாவைப் பெற்றவள்தான் பிள்ளையைத் தூக்கித் தொட்டிலில் போட வேண்டும். அது எங்கள் பக்கத்து முறை. அத்தை தன் சின்னப் பிள்ளை போனதற்கப்புறம் யார் பிள்ளையையும் தூக்கியதில்லை என்று அத்தான் அக்காவிடம் சொல்லியிருந்தார்.

"தூக்கலைன்னா நான் அந்த வீட்டுக்குப் பிள்ளையை எப்பிடிக் கொண்டு போவேன்?" என்று அக்கா முந்தின நாள் என்னிடம் கேட்டாள். அவளாக என்னிடம் ஒன்று கேட்டது இரண்டு வருஷத்தில் அதுதான் முதல் தடவை.

பதினாறாம் நாள் காலை ரயிலில் அத்தையும் அத்தானும் வந்தார்கள். தெருப் பெண்கள் எல்லாம் வந்து நடுக்கூடத்தில் உட்கார்ந்துவிட்டார்கள். உத்தரத்தில் புதுச்சேலைத் தொட்டில். அம்மா பிள்ளையைக் கொண்டுவந்து சம்பந்தியிடம் நீட்டினாள். அத்தை கையை நீட்டவில்லை.

"கால் கழுவிட்டு வாரேன் மைனி," என்று கொல்லைப்பக்கம் போய்விட்டாள். கூடத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அக்கா சுவரோரம் தலையைக் குனிந்து நின்றாள். அந்தத் தலையைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை. பின்னாலேயே போனேன்.

அத்தை கிணற்றடியில் வாளித் தண்ணீரைச் செம்பில் மொண்டு காலில் ஊற்றிக்கொண்டிருந்தாள். கால் ஏற்கெனவே நனைந்திருந்தது. நான் கையில் துண்டை வைத்துக்கொண்டு நின்றேன்.

"அத்தை, அன்னைக்கு நான் தெரியாமப் பாடிட்டேன். என்னை மன்னிச்சிருங்க."

அவள் செம்பைக் கீழே வைத்தாள். "மொதத் தடவ தெரியாமத்தான் பாடுன. அது எனக்குத் தெரியும். ரெண்டாந்தடவ என் மூஞ்சியப் பாத்துக்கிட்டுல்லா பாடுன?"

இரண்டு வருஷமாக நான் எனக்கே சொல்லிக்கொண்டிருந்ததில் இது இல்லை. எனக்குத் தெரியாது என்பதையே பிடித்துக்கொண்டு, அதைத் தாண்டி ஒரு அடிகூட வைக்காமல் நின்றிருந்தேன். ஆனால் பார்த்தேன். முதல் தடவை பாடி முடித்ததும் அவள் முகத்தைப் பார்த்தேன். ரத்தம் வடிந்துபோன முகம். எங்கேயோ இசகுபிசகாகப் பட்டுவிட்டது என்று எனக்கு அந்தக் கணமே தெரிந்தது. தெரிந்துதான் ஒரு கட்டை மேலே ஏற்றினேன்.

"ஆமா அத்தை. பாத்தேன்."

"பொறவு ஏன் பாடுன?"

"நல்லா வந்த பாட்டுன்னு நெனச்சேன். விட மனசு வரலை."

அவள் என் பக்கம் திரும்பினாள். அடிப்பாள் என்று நினைத்தேன், அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன்.

"உங்க அக்கா ரெண்டு வருசமா எங்கிட்ட உனக்காகப் பேசிட்டுக் கெடக்கா. தெரியாமப் பாடிட்டா அத்தை, தெரியாமப் பாடிட்டா அத்தைன்னு. அதைக் கேக்கக் கேக்கத்தான் எனக்கு அவ மூஞ்சியப் பாக்கப் பிடிக்காமப் போச்சு," என்றாள். "பாத்தேன்னு ஒரு வார்த்தை சொல்லுததுக்கு உனக்கு ரெண்டு வருசம் ஆயிருக்கு."

அக்கா எனக்காகப் பேசியிருக்கிறாள் என்பது எனக்கு அன்றுதான் தெரியும். என்னிடம் முகம் கொடுக்காமல் இருந்துகொண்டு, அந்த வீட்டில் என் பொய்யைத் தூக்கிச் சுமந்திருக்கிறாள். அது பொய் என்று அவளுக்குத் தெரியாது. நான் கிணற்றுச் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அத்தை என் கையிலிருந்த துண்டை வாங்கிக் காலைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

நான் முகத்தைக் கழுவிக்கொண்டு கூடத்துக்கு வந்தபோது அவள் தொட்டிலுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். "ஏட்டி," என்று அக்காவைப் பார்த்துச் சொன்னாள், "தலைமாட்டுல துணியை இன்னும் ஒரு மடிப்பு மடிச்சு வை. பிள்ளைக்குக் கழுத்து வலிக்கும்லா." அக்காவுக்குத் தன்னிடம்தான் சொல்கிறாள் என்று புரியவே சற்று நேரமாயிற்று. பிறகு ஓடிவந்து மடித்து வைத்தாள். அத்தை அம்மாவிடமிருந்து பிள்ளையை வாங்கினாள். குனிந்து தொட்டிலில் போட்டாள். கையை உடனே எடுக்கவில்லை.

"தாலாட்டு யாரு பாடப் போறா?" என்று ஒரு பெண் கேட்டாள். யாரும் என்னைக் காட்டவில்லை.

"அவதான் பாடணும்," என்றாள் அத்தை.

நான் எதுவும் எழுதி வைத்திருக்கவில்லை. எழுதியிருந்தாலும் பாடியிருக்க மாட்டேன். ஆர்மோனியத்தையும் எடுக்கவில்லை. எல்லா வீட்டிலும் எல்லாப் பிள்ளைகளுக்கும் பாடுகிற, யார் கட்டியது என்று தெரியாத ஒரு சாதாரணத் தாலாட்டை எடுத்தேன். மாமன் அடித்தானோ, அத்தை அடித்தாளோ என்று வருகிற தாலாட்டு. தொட்டிலைப் பார்க்கவில்லை, அத்தையின் முகத்தைப் பார்த்துக்கொண்டே பாடினேன்.

முதல் இரண்டு அடிக்கு அந்த முகம் சும்மா இருந்தது. மூன்றாவது அடி பாதியில் அவள் உதடு கோணியது. தொட்டில் சேலையைப் பிடித்திருந்த விரல்கள் இறுகின. இழுத்துப் பாட வேண்டிய இடம் அது. நான் நிறுத்திவிட்டேன்.

"ஏம்மா, பாட்டு மறந்துட்டா?" என்றாள் அந்தப் பெண். "பாடு பாடு," என்றாள் இன்னொருத்தி. அம்மா எனக்குக் கண்ணைக் காட்டினாள். நான் வாயைத் திறக்கவில்லை. பிள்ளை கையைக் காலை ஆட்டிச் சிணுங்க ஆரம்பித்தது. அத்தை தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். நான் அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

பிறகு அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, தொட்டிலை மெதுவாக ஒரு ஆட்டு ஆட்டினாள்.

"ம்," என்றாள்.

நான் விட்ட இடத்திலிருந்து பாடினேன்.